கம்பெனி கணக்கும் ஆர்டிஓ கணக்கும்

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மாலைச் செய்தியில் ஓர் எண் வரும். இந்த நிறுவனம் போன மாதம் இத்தனை லட்சம் வண்டி விற்றது, சென்ற ஆண்டு இதே மாதத்தைவிட இத்தனை சதவீதம் கூடுதல் என்பார்கள். அதில் சேர்ந்த பல வண்டிகள் அன்றைக்கு எந்த வீட்டு வாசலுக்கும் போயிருக்காது. தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு டீலர் பெயருக்கு பில் போட்டுவிட்டால், நிறுவனத்தின் ஏட்டில் அது விற்பனை. டீலருடைய யார்டில் அது மூன்று மாதம் வெயிலில் நின்றாலும் அந்த ஏடு மாறாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வாங்கியவர் பெயரில் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவான வண்டிகளின் கணக்கு அது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் அந்தப் பதிவுகள் ஏறுகின்றன. அதை எடுத்துத் தொகுத்து, மாதத்தின் முதல் வாரத்தில் அகில இந்திய வாகன டீலர்கள் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாடா வெளியிடுகிறது. கம்பெனிகளின் பக்கத்துக் கணக்கை, உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் மாத நடுவில் தொகுத்துத் தருகிறது. வண்டி வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தான் படிக்கும் எண் இந்த இரண்டில் எது என்பதுதான். செய்தியில் "டிஸ்பாட்ச்", "மொத்த விற்பனை" என்று இருந்தால் கம்பெனி கணக்கு. "ரீடெயில்", "பதிவு" என்று இருந்தால் ஆர்டிஓ கணக்கு. இரண்டுமே இல்லாமல் ஒன்றாம் தேதி வந்த செய்தியானால் பெரும்பாலும் கம்பெனி கணக்கு என்றே கொள்ளலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். "வாகன விற்பனை" என்று தலைப்புப் போட்டுவிட்டு உள்ளே கார் கணக்கை மட்டும் தருவது வழக்கம். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் கார், ஜீப், வேன் வகை வண்டிகள் ஏறக்குறைய 43 லட்சம் டீலர்களுக்குப் போயின. இருசக்கர வண்டிகள் ஏறக்குறைய 1 கோடியே 96 லட்சம். கடலூரிலும் சிதம்பரத்திலும் முதல் வண்டி வாங்கும் குடும்பம் அநேகமாக இந்த இரண்டாவது வரிசையில்தான் இருக்கும். ஆகவே, கார் விற்பனை சரிந்தது என்ற செய்தியைப் படித்துவிட்டு ஸ்கூட்டர் ஷோரூமில் போய் விலை குறைக்கச் சொன்னால் பலன் இருக்காது. உங்கள் வண்டியின் வரிசையைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி

கம்பெனி அனுப்பியது அதிகம், ஆர்டிஓவில் பதிவானது குறைவு என்ற நிலை இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் மிச்ச வண்டிகள் டீலரிடம் தேங்குகின்றன என்று பொருள். வாங்குகிறவருடைய பேரத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

2024 செப்டம்பரில் இதுதான் நடந்தது. டீலர்களிடம் தேங்கிய கார்கள் 80 முதல் 85 நாள் விற்பனைக்கு ஈடாக இருப்பதாகவும், அவற்றின் மதிப்பு ஏறக்குறைய 79,000 கோடி ரூபாய் என்றும் ஃபாடா சொன்னது. 21 நாள் ஸ்டாக் போதும் என்பதுதான் டீலர்கள் தரப்பின் நீண்டகாலக் கோரிக்கை. அதற்கு நான்கு மடங்கு வண்டி அவர்கள் தலையில் நின்றது.

ஸ்டாக் நின்றால் டீலருக்கு என்ன ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டீலர் வண்டியை வங்கிக் கடனில்தான் எடுக்கிறார். எட்டு லட்ச ரூபாய் கார், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு வண்டிக்கு மாதம் சுமார் 6,700 ரூபாய் வட்டி ஓடுகிறது. மூன்று மாதம் நின்ற வண்டி 20,000 ரூபாய் வட்டியைத் தின்றிருக்கும். அந்த வண்டியை 15,000 ரூபாய் தள்ளிக் கொடுத்தால்கூட, இன்னும் மூன்று மாதம் வைத்திருப்பதைவிட டீலருக்கு அது நல்லது. ஆகவே "நாட்டில் விற்பனை எப்படி?" என்பதைவிட "இந்த மாடல் ஸ்டாக்கில் எத்தனை நாளாக நிற்கிறது?" என்ற கேள்விதான் உங்கள் பையில் பணத்தை மிச்சம் பிடிக்கும்.

இது எதிர்ப்பக்கமும் திரும்பும். 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது கம்பெனியால் வண்டி அனுப்ப முடியவில்லை. புக்கிங் நீண்டது, தள்ளுபடி மறைந்தது. அந்த மாதிரி நேரத்தில் விலைக்காகப் பேசுவதில் பலன் குறைவு. இன்ஷூரன்ஸையும் துணைப் பொருள்களையும் டீலரிடமே வாங்கச் சொல்லும் நிபந்தனையை விலக்கிக்கொள்ளச் சொல்லிப் பேசுங்கள்.

எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுவது?

2020 ஏப்ரலில் ஊரடங்கு. மாருதி சுசூகி அந்த மாதம் உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் எத்தனை விற்றிருந்தாலும், சுழியத்தோடு ஒப்பிட்டு வளர்ச்சி என்று சொல்வதில் பொருள் ஏது? இவ்வளவு அப்பட்டமாக இல்லாவிட்டாலும், இதே சிக்கல் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு மாதத்தில் இருக்கிறது.

பிப்ரவரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 லீப் ஆண்டு, 29 நாள். 2025-இல் 28 நாள். தினம் அதே எண்ணிக்கை விற்றிருந்தாலும் மாதக் கணக்கில் மூன்றரை சதவீதம் வீழ்ச்சி காட்டும். அடுத்து பண்டிகை. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஆயுத பூஜையும் இப்படியே நகர்கிறது. அதனால் அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிடுவது இந்தியாவில் பல ஆண்டுகளில் தவறான முடிவைத் தரும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றையும் கூட்டி, முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதக் கூட்டலோடு வைத்துப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் பண்டிகைக்காலச் செய்திகளில் பாதி உங்களைக் குழப்பாது.

2025-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதக் கணக்கு எப்படி ஆடும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் அண்மையில் இல்லை. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் ஜிஎஸ்டி குறையும் என்றார். எவ்வளவு, எப்போது என்பது அன்று தெரியவில்லை. செப்டம்பர் 3-இல் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிக்கும் சிறிய காருக்கும் 28 சதவீதம் 18 ஆனது. டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆனது. நடுவில் இருந்த ஐந்து வாரமும் வாங்க நினைத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். 22-ஆம் தேதியிலிருந்து நவராத்திரியும் தொடங்கியது. அடக்கி வைத்த வாங்கல் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அக்டோபரில் நாடு முழுவதும் 40 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் பதிவாயின, முந்தைய அக்டோபரைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல். அடுத்த மாதமே இருசக்கர வண்டிப் பதிவு முந்தைய நவம்பரைவிடச் சற்று குறைந்தது. சந்தை ஒரு மாதத்தில் படுத்துவிட்டதா? 2024-இல் தீபாவளி மாதக் கடைசியில் வந்ததால் அப்போதைய வண்டிகளில் ஒரு பங்கு நவம்பரில் பதிவானது, 2025-இல் அவை அக்டோபரிலேயே முடிந்துவிட்டன. காரணம் அவ்வளவுதான்.

ஒரு லட்ச ரூபாய் விலையிருந்த பைக்குக்கு இந்த வரிக் குறைப்பால் ஏறத்தாழ 7,800 ரூபாய் இறங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் பலனும் சேர்ந்தது. 2023 நவம்பரில் மாற்றியமைத்த வாழ்நாள் வரிப்படி, ஒரு லட்சம் வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டி நின்ற வண்டிகள் பல கோட்டுக்குக் கீழே இறங்கின, வாழ்நாள் வரியும் ஒரு படி குறைந்தது. இப்போதும் இரண்டு மாடலுக்கு இடையில் தயங்கினால், எது இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆன்ரோடு விலைச் சீட்டில் பாருங்கள். கார்களுக்கும் 5 லட்சம், 10 லட்சம், 20 லட்சம் என்று இதேபோல் கோடுகள் உண்டு. 10 லட்சத்தைத் தாண்டும் இடத்தில் வரி 13-லிருந்து 18 சதவீதத்துக்குத் தாவுகிறது.

மாத எண்ணை நம்பிக் குழம்புவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பிரிட்டனில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் புது வரிசை நம்பர் பிளேட் வருவதால் அந்த இரண்டு மாதம் மட்டும் பதிவு எகிறும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2018-இல், 30 நாள் கணக்கில் உண்மையான போக்கு தெரியாது என்று சொல்லி, மாத அறிக்கையை நிறுத்திக் காலாண்டு அறிக்கைக்கு மாறியது.

நம் மாவட்டத்துக் காலண்டர்

நாட்டுக் கணக்கில் டெல்லியும் மகாராஷ்டிரமும் உத்தரப் பிரதேசமும் பேசுகின்றன. கடலூர் மாவட்டத்தில் பணம் கையில் புரளும் மாதங்கள் வேறு. அதிலும் கடலூருக்கு ஒரு மாதிரி, சிதம்பரத்துக்கு ஒரு மாதிரி.

சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில், புவனகிரி பக்கம் சம்பா அறுவடை தையில் தொடங்கி மாசிவரை போகும். வீராணம் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய், பணம் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். அது விழுந்த பிறகுதான் வீட்டில் வண்டிப் பேச்சு எழும். எக்ஸ்எல் மொபெட் வாங்குகிறவர், மகனுக்கு பைக் எடுத்துத் தருகிறவர், பழைய டிராக்டரைக் கொடுத்துப் புதிதாக எடுக்கிறவர் எல்லாரும் அந்தப் பணத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கொள்முதல் தாமதமானால் ஷோரூமும் அத்தனை நாள் காற்றாடும். கரும்புக்காரருக்கு இது இன்னும் இழுக்கும். சேத்தியாத்தோப்பு ஆலைக்கோ நெல்லிக்குப்பம் ஆலைக்கோ வெட்டி அனுப்பிய கரும்புக்குப் பணம் எப்போது வரும் என்பதைப் பொறுத்தே அவருடைய டவுன் பேமென்ட்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும். பங்குனியில் தொடங்கி ஆனிவரை அங்கே வரவு. கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை மீனவர் வீடுகளில் நேர்மாறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதத்தில் புது டியூவைத் தலையில் ஏற்றிக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள், விரும்பவும் கூடாது. படகு வருமானத்தை நம்பி வண்டி எடுப்பவர், ஃபைனான்ஸ்காரரிடம் தவணை அட்டவணை போடும்போதே இந்த 61 நாளைச் சொல்லி, கடன் தொகையைக் குறைத்து டவுன் பேமென்ட்டைக் கூட்டிக்கொள்வது நல்லது. மாதாமாதம் ஒரே தொகை என்ற திட்டம் மாதச் சம்பளக்காரருக்காக வகுத்தது.

மாதச் சம்பளத்துக்கு நெய்வேலி இருக்கிறது. என்எல்சி ஊழியர்களுக்கு போனஸும் ஊக்கத்தொகையும் பண்டிகையை ஒட்டி வருவதால், கடலூர் மாவட்டத்தின் ஆயுத பூஜை, தீபாவளி வாங்கலுக்கு அது ஒரு பலமான தூண். ஜூனில் கல்லூரி திறக்கும்போது ஸ்கூட்டருக்கு ஒரு சின்ன அலை வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருப்பதால் சிதம்பரத்தில் அது கூடுதலாகவே தெரியும்.

இனி ஆடி. நம் பக்கத்தில் ஆடியில் புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரப் பலரும் தயங்குவார்கள், ஆடிப்பெருக்கு ஒருநாள் விலக்கு. ஆனால் ஆடி, ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. ஆங்கில மாதக் கணக்கில் அது இரண்டாகப் பிளந்து, ஜூலைக்குப் பாதியும் ஆகஸ்டுக்குப் பாதியுமாகப் போய்விடுகிறது. அதனால் பதிவுப் பட்டியலில் ஆடி மந்தம் பளிச்சென்று தெரியாது. ஜூலை கொஞ்சம் மெலிந்திருக்கும், ஆகஸ்டின் முதல் பாதி காலியாகவும் பின்பாதி நெரிசலாகவும் போய்ச் சராசரியாகிவிடும். மார்கழியும் அப்படியே டிசம்பர், ஜனவரிக்கு நடுவில் கிடக்கிறது. வடக்கேயும் அதே நாள்களில் நல்ல காரியம் தவிர்ப்பதால், அந்த ஒரு மந்தம் மட்டும் நாட்டுக் கணக்கிலும் நம் கணக்கிலும் ஒத்துப்போகும்.

என் பரிந்துரை இது: ஆடி மூன்றாம் வாரத்தில் போய்ப் பேசுங்கள், புக்கிங் போடுங்கள், விலையை எழுத்தில் வாங்குங்கள், ஆவணி பிறந்த பிறகு டெலிவரி எடுங்கள். நம்பிக்கைக்கும் பழுதில்லை, பேரத்துக்கும் நல்ல நேரம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் போனால் சேல்ஸ்மேனுக்கு உங்களிடம் பேசவே நேரம் இருக்காது. டெலிவரி தேதி ஆவணிக்குத் தள்ளினாலும் பில் விலை புக்கிங் தேதி விலையா, டெலிவரி தேதி விலையா என்பதை மட்டும் கேட்டுத் தெளிவாக எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் டெலிவரி நாள் விலைதான் செல்லும் என்பார்கள். ஜனவரியிலும் ஏப்ரலிலும் கம்பெனிகள் விலை ஏற்றுவது வாடிக்கை, மார்கழியில் புக்கிங் போட்டுத் தையில் எடுப்பவர் இந்த வித்தியாசத்தில் மாட்டுவார்.

கடைசியாக மழை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தது. மரம் மீண்டும் காய்க்க ஆண்டுகள் ஆகும், அந்தக் குடும்பங்களின் வண்டிக் கனவும் அத்தனை ஆண்டு தள்ளிப்போனது. 2015 வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று நம் மாவட்டம் தொடர்ந்து அடி வாங்குகிறது. இப்படியொரு மாதத்தில் கடலூரின் பதிவு எண் விழுந்தால் அதைச் சந்தையின் போக்கு என்று யாரும் எழுதக் கூடாது.

டிஎன் 31, டிஎன் 91: உங்கள் ஊர் எண்ணை எடுப்பது

வாகன் டாஷ்போர்டைப் பொதுமக்கள் யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. அதில் மாநிலத்துக்குத் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, ஆர்டிஓ பட்டியலில் கடலூரையோ (டிஎன் 31) சிதம்பரத்தையோ (டிஎன் 91) எடுங்கள். ஒரு பக்கம் வண்டி வகை அல்லது தயாரிப்பாளர், இன்னொரு பக்கம் மாதவாரி என்று வைத்தால் அட்டவணை வந்துவிடும். பகுதி அலுவலகங்கள் தனி வரியில் வரும், மாவட்டக் கணக்கு வேண்டுமானால் அவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். முன்பு சிதம்பரம் வண்டிகளும் டிஎன் 31 வரிசையில்தான் வந்தன, பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது இரண்டு அலுவலகத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சின்ன அலுவலகத்தின் மாத எண்ணில் ஆட்டம் அதிகம். ஒரு பள்ளிக்கூடம் நாலு பஸ் வாங்கினால்கூட அந்த வகையில் சதவீதம் எகிறிவிடும். மூன்று மாதக் கூட்டலையே பாருங்கள். நான் இந்த அட்டவணையில் முதலில் தேடுவது தயாரிப்பாளர் வரியைத்தான். நாடு முழுவதும் நன்றாக ஓடும் ஒரு கம்பெனி நம் மாவட்டத்தில் தொடர்ந்து சொற்ப எண்ணிக்கையில் இருந்தால், சர்வீஸுக்கும் உதிரிப் பொருளுக்கும் விழுப்புரமோ புதுச்சேரியோ ஓட வேண்டியிருக்கும். வாங்கும் நாளில் கிடைக்கும் தள்ளுபடியைவிட இது பெரிய செலவு.

புதுச்சேரியைச் சொல்லாமல் கடலூர் வண்டிக் கணக்கு முடியாது. கடலூரைத் தாண்டினால் சில கிலோமீட்டரில் பாகூர், அங்கிருந்து பிஒய் நம்பர். அங்கே வரி குறைவு என்பதால் உறவினர் முகவரியில் பதிவுசெய்து கடலூரில் ஓட்டும் வழக்கம் உண்டு. அந்த வண்டிகள் நம் சாலையில் ஓடினாலும் டிஎன் 31 கணக்கில் வராது. இதைப் பின்பற்றலாம் என்று நான் சொல்லமாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலப் பதிவுள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். ஆனால் புதுச்சேரி ஷோரூமில் நல்ல விலையோ ஸ்டாக்கோ கிடைத்தால் அங்கே வாங்கி, தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து, உங்கள் சொந்த முகவரியில் கடலூரில் பதிவுசெய்வது முழுக்க முறையானது. கடலூர் டீலரிடம் பேரம் பேசவும் அந்த விலைச் சீட்டு உதவும்.

ஷோரூமுக்குள்

கையில் இரண்டு கணக்கும் இருந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வண்டி பிறந்த மாதம். "தம்பி, இது எந்த மாசத்து வண்டி?" என்று கேளுங்கள். "புது ஸ்டாக்தான் சார், போன வாரம்தான் வந்தது" என்பார். வந்த தேதியை நாம் கேட்கவில்லை. தயாரித்த மாதமும் ஆண்டும் ஆர்சியில் அச்சாகப் போகிறது, பில் போடும் முன் சேஸ் எண்ணோடு அதை எழுதித் தரச் சொல்லுங்கள். டிசம்பரில் தயாரித்து ஜனவரியில் பதிவான வண்டியை ஐந்து ஆண்டு கழித்து விற்கப் போனால், வாங்குகிறவர் தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார். ஆண்டுக் கடைசித் தள்ளுபடி அந்த ஓராண்டு இழப்புக்கு ஈடு. பத்து ஆண்டு வைத்திருந்து ஓட்டப் போகிறவர் அதைத் துணிந்து வாங்கலாம், மூன்று ஆண்டில் மாற்றுகிறவர் ஜனவரித் தயாரிப்புக்குக் காத்திருக்கலாம்.

யார்டில் நெடுநாள் நின்ற வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். 3224 என்றால் 2024-இன் 32-ஆம் வாரம். வண்டி போன மாதத்தது என்று சொல்லி டயர் ஓராண்டுக்கு முந்தையதாக இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும். பேட்டரி தேதியையும் அப்படியே. கடற்கரை ஊர் என்பதால் செயின், போல்ட் தலை, சைலன்சர் மூட்டு ஆகிய இடங்களில் உப்புக் காற்று பட்ட துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளம் வந்த டிசம்பருக்குப் பிறகு வாங்குவதானால் சீட்டைத் தூக்கி, ஒயர் கட்டுகளின் மூட்டுகளில் சேற்றுப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். காரானால் கால்மிதியைத் தூக்கி அடிக் கம்பளத்தை அழுத்திப் பார்த்து, ஸ்டெப்னி வைக்கும் குழியையும் திறந்து பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து வண்டி பழைய ஸ்டாக் என்று மட்டும் தெரிந்தால் விட்டுவிட்டு வர வேண்டாம். பேச ஆரம்பியுங்கள். புது பேட்டரி, முதல் ஆண்டு இன்ஷூரன்ஸில் ஒரு பங்கு, ரொக்கத் தள்ளுபடி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் புது இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டும் காருக்கு 3 ஆண்டும் 2018 செப்டம்பர் முதல் கட்டாயம், அதில் பேரம் இல்லை. சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியை வெளியிலும் விலை கேட்டு ஒப்பிடலாம். எல்லாம் பேசி முடித்த பிறகு ஆன்ரோடு சீட்டில் ஒவ்வொரு வரிக்கும் ரசீது உண்டா என்று கேளுங்கள். "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்ற பெயரில் ரசீது இல்லாத வரி இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பே அதை அடிக்கச் சொல்லிவிடுங்கள்.